ஒளிவாளின் பிடி எதனால் ஆனது?



சென்ற மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. எமது ஏழாம் வகுப்பிலே பெயரெச்சமும் வினையெச்சமும் நடந்துகொண்டிருந்த வேளையில், பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் மேசைக்குக் கீழே எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தோம். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய நீளமுடைய, பளபளக்கும் உலோகக் குழாய். கைகழுவும் தொட்டியின் அடியில் இருக்கும் கழிவுநீர்க் குழாயின் துண்டு அது என்பது பார்த்தவுடனே விளங்கிற்று. அதன் ஒரு முனையைச் சுற்றி, காரின் கண்ணாடி துடைக்கும் வைப்பரின் இறப்பர் ஆறு கீலங்களாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. நடுவிலே பழைய கணிப்பான் ஒன்றின் சிறு பாகம். "படிக்க வந்த இடத்தில் பைப் எதற்கு?" என்று கடிந்து, அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினோம்.

வகுப்பு முடிந்ததும் தந்தையார் வந்தார். "சேர், இவனுக்கு எந்த நேரமும் உதே வேலை. படத்தில வாற வாளாம். நான் ரெண்டு வேலை செய்து படிப்பிக்கிறன், இவன் அறைக்குள்ள இருந்து குழாயை அராவிக்கொண்டிருக்கிறான்" என்றார். நாமும் தலையை ஆட்டினோம். பையன் மாத்திரம் மெல்லிய குரலில், "சேர், உண்மையான வாளும் குப்பையிலதான் செய்தது" என்றான். குழாயை அவனிடம் கொடுத்தனுப்பிவிட்டோம். அந்த ஒரு வாக்கியத்தை மாத்திரம் அனுப்ப முடியவில்லை. அது உண்மைதானா என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

உண்மைதான். அதிலும் வியப்பு யாதெனில், அந்தக் குப்பை எமது வீடுகளுக்கு அண்மையில் கிடந்த குப்பை. 1977ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' திரைப்படத்தின் உட்காட்சிகளிற் பெரும்பகுதி 1976இல் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு நிலையத்திலே எடுக்கப்பட்டது. ஹாரோவில் வசிப்போர் காரில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய போரம்வூட் என்னும் ஊரில் அது இருக்கின்றது. காட்சி அரங்குகளுக்கான பொருட்களுக்குப் பொறுப்பாயிருந்தவர் றொஜர் கிறிஸ்டியன் என்னும் ஆங்கிலேயர். படம் விண்வெளியைப் பற்றியது. கையிலிருந்த பணமோ கொஞ்சம். எனவே அவர் பழைய விமானங்களை உடைத்து விற்கும் இடங்களுக்குச் சென்று, உதிரிப் பாகங்களை நிறைக்கு வாங்கி வந்து, சுவரெங்கும் பொருத்தி விண்கலம் ஆக்கினார். கதாநாயகனின் ஒளிவாளுக்கு மட்டும் எதுவும் அகப்படவில்லை. ஈற்றில் நடு இலண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடையிலே, தூசி படிந்த பெட்டிக்குள் சில பிடிகள் கிடந்தன. 1940களில் பத்திரிகைப் புகைப்படக்காரர் பயன்படுத்திய கிராப்ளெக்ஸ் என்னும் அமெரிக்கக் கமராவின் மின்வெட்டு விளக்கைத் தாங்கும் பிடிகள் அவை. உள்ளே மூன்று பற்றரிகள் இருக்கும். கிட்டத்தட்ட எமது ஊர் ரோச் லைற்றின் உடம்புதான். அதிலே கறுப்புக் கீலங்களை ஒட்டி, கணிப்பானொன்றின் இலக்கங்களைப் பெருப்பித்துக் காட்டும் வில்லைத் துண்டை இடையிற் செருகி, இடுப்பிலே தொங்கவிட ஒரு வளையமும் பூட்டினார். வாள் ஆயத்தமாயிற்று. அப்படத்தின் கலை நிர்மாணத்துக்காக 1978இல் ஒஸ்கார் விருது பெற்ற நால்வருள் கிறிஸ்டியனும் ஒருவர்.

முதிய குரு ஓபி-வான் ஏந்திய வாள் இன்னும் விசித்திரமானது. அதன் ஒரு பகுதி றோல்ஸ் றொய்ஸ் டேர்வென்ட் ஜெற் எஞ்சினின் குழாய். ஒரு பகுதி பிரித்தானியப் படையின் பழைய துவக்குக் குண்டு. இன்னொரு பகுதி ஆமிரேஜ் ஷாங்ஸ் தண்ணீர்க் குழாயின் திருகுபிடி. எமது வீடுகளிலே கைகழுவும் தொட்டிகளிற் பொறித்திருக்கும் அதே பெயர்! 1999இல் வந்த அதே தொடரின் பிற்காலப் படமொன்றில், விண்வெளி வீரர் வாயருகே வைத்துப் பேசும் தொடர்பாடற் கருவி, பெண்களுக்கான ஜிலற் சவரக் கத்தியின் பிடியை வார்த்தெடுத்த பிரதியாகும்.

இப்படியான விடயம் 1976இலேதான் தொடங்கிற்று என்று எண்ணவேண்டாம். தமிழிலே எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி' வேற்றுக்கிரகத்தாரின் பறக்கும் கலத்துடன் திரைக்கு வந்த அதே 1963ஆம் ஆண்டின் மார்கழியில், பீ.பீ.சி.யின் 'டொக்டர் ஹூ' தொடரிலே டாலெக்குகள் முதன்முதல் தோன்றின. அவற்றை உருவமைத்தவர் பீ.பீ.சி.யில் சம்பளத்துக்கு வேலை பார்த்த றேமண்ட் கியூசிக். கட்டிக் கொடுத்தது அக்ஸ்பிரிட்ஜில் இருந்த ஷோகிராப்ற் என்னும் சிறு நிறுவனம். உலகையே நடுங்கவைத்த அந்த இயந்திரப் பிராணியின் ஒரு கை, அடைபட்ட தொட்டியைத் திறக்க நாம் பயன்படுத்தும் இறப்பர்க் குவளை! பத்தாண்டு நிறைவையொட்டி 1973இல் 'ரேடியோ டைம்ஸ்' சஞ்சிகை வெளியிட்ட சிறப்பிதழில், டாலெக் ஒன்றை வீட்டிலேயே கட்டுவதற்கான வரைபடங்கள் அச்சிடப்பட்டன. இந்நாட்டிலே பல வீட்டுக் கராஜ்களிற் பலகையும் வாளுமாகத் தகப்பனும் பிள்ளையும் நின்ற காலம் அது.

இனி, பிரதி செய்பவர் செய்வது என்ன என்பதைச் சற்று ஆறுதலாகப் பார்ப்போம். கடையிலே விளையாட்டுப் பொருளாக வாங்குவதற்கும் இதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. செய்பவர் முதலிற் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கின்றார். அளவு எவ்வாறு தெரியும்? இங்கேதான் எமது பழைய விகிதசமக் கணக்கு உதவிக்கு வருகின்றது. திரையிலே நடிகரின் உள்ளங்கை அகலம் 2 செ.மீ., குழாயின் நீளம் 6.5 செ.மீ. என வைத்துக்கொள்வோம். உண்மையான உள்ளங்கை 8 செ.மீ. எனின், குழாய் 26 செ.மீ. ஆயினும் கை கமராவுக்கு அருகிலும் குழாயின் நுனி தூரத்திலும் இருந்தால் கணக்குப் பிழைக்கும். ஆகையாற் பல கோணங்களில் அளந்து ஒப்பிட வேண்டும். ஆனால் ஏதேனும் ஒரு துண்டு இன்ன பொருளிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் நிலைமையே வேறு. அந்தப் பொருளை வாங்கி அளந்தால் மற்றவை யாவும் தாமாகவே அளவாகிவிடும். ஜிலற் கத்தியைக் கண்டுபிடித்தவர்கள் அன்றிரவு நித்திரை கொண்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கின்றோம். (கிராப்ளெக்ஸ் பிடிகளோ இன்று பல நூறு பவுண் விலைபோகின்றன. பழைய கமராக்களைச் சேகரிப்போருக்கு இதனாற் பெருங் கோபம். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை.)

குழாயை விடக் கடினமானது தலைக்கவசம். ஸ்டோம் ட்ரூப்பர் எனப்படும் வெள்ளைக் கவச வீரரின் தலைக்கவசங்கள் 1976இல் டுவிக்கன்ஹமில் அன்ட்றூ எயின்ஸ்வேர்த் என்பவரின் பட்டறையிலே வெற்றிட முறையில் வார்க்கப்பட்டன. பிளாஸ்ரிக் தகட்டைச் சூடாக்கி, அது துணிபோல் இளகித் தொங்கும் தருணத்தில் அச்சின் மேல் இறக்கி, அடியிலுள்ள துளைகள் வழியே காற்றை உறிஞ்சிவிடுவார்கள். உறிஞ்சும் இயந்திரம் தகட்டை இழுக்கின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அன்று, வெளியே உள்ள வளிமண்டலம் தகட்டைத் தள்ளுகின்றது. 40 செ.மீ. சதுரத் தகட்டை எடுப்போம். வளியமுக்கம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 10 நியூற்றன். முழு வெற்றிடமாயின் 1600 சதுர சென்ரிமீற்றரின் மேல் 16,000 நியூற்றன், அதாவது ஏறக்குறைய 1,600 கிலோகிராம் நிறை அழுத்தும். வீட்டுத் தூசுறிஞ்சி வளியமுக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கையே அகற்றும் எனக் கொண்டாலும், 320 கிலோகிராம் நிறை! பிளாஸ்ரிக் ஏன் அச்சின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்கின்றது என்பது இப்போது விளங்கும். ஆயின் சமையல் அடுப்பிலே பிளாஸ்ரிக்கைச் சூடாக்குவது உணவுக்கும் கூடாது, நெஞ்சுக்கும் கூடாது. பிள்ளைகள் இதனைத் தனியே முயலவே கூடாது.

பிள்ளைகளுக்கு உகந்தது கடதாசி மட்டையும், உடற்பயிற்சிப் பாய்களாக விற்கப்படும் மென்நுரைத் தகடும். தோடம்பழத்தின் தோலை உரித்து மேசையில் விரிப்பதுபோல, கவசத்தின் வளைந்த மேற்பரப்பைத் தட்டையான துண்டுகளாக விரித்து வரைந்து, வெட்டி, மீண்டும் ஒட்டினால் உருண்டை திரும்பி வந்துவிடும். வெட்டும் அலகு கூராக இருக்கவேண்டும்; மழுங்கிய அலகே கையை வெட்டும். பசையும் வர்ணமும் பூசும்போது யன்னல் திறந்திருக்கவேண்டும். அரத்தாளால் தேய்க்கும்போது மூக்கை மூடவேண்டும். பொறுமை வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. செய்பவனுக்கு அது தானாக வரும், எமது இலக்கண வகுப்பில் வராவிட்டாலும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அதே எயின்ஸ்வேர்த், பல்லாண்டுகளின் பின் தமது பழைய அச்சுகளைக் கொண்டு தலைக்கவசங்கள் செய்து விற்றபோது, படத்தயாரிப்பு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கு இந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தலைக்கவசம் ஒரு சிற்பமா என்பதே கேள்வி. படமே கலைப்படைப்பு, கவசம் அப்படத்தை ஆக்கப் பயன்பட்ட ஒரு பொருள், எனவே அது சிற்பமன்று என 2011 ஜூலையில் நீதியரசர்கள் தீர்த்தனர். எனினும் அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியமை பற்றி இங்கேயே வழக்காடலாம் எனவும் கூறினர். ஆதலால் தமக்கென ஒன்று செய்து அறையில் வைப்பது ஒன்று, சந்தையில் விற்பது வேறொன்று என்பதைப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. விற்காமலே மகிழ்வோரும் உளர். 1997இல் அமெரிக்காவிலே தொடங்கிய '501ஆவது லீஜன்' என்னும் தொண்டர் அமைப்பினர் தாமே செய்த கவசங்களை அணிந்து வைத்தியசாலைகளுக்குச் சென்று நோயுற்ற குழந்தைகளைச் சந்திக்கின்றனர். அவ்வமைப்பின் கிளை இந்நாட்டிலும் உண்டு.

ஒரு விடயத்தில் மாத்திரம் நாம் கண்டிப்பாகவே பேசுவோம். அந்த வெள்ளைக் கவச வீரர்கள் படத்தில் ஏந்தும் ஆயுதம், பிரித்தானிய இராணுவம் பயன்படுத்திய ஸ்ரேர்லிங் இயந்திரத் துவக்கின் மேல் சில துண்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டது. அதன் பிரதி தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு மெய்த் துவக்காகவே தெரியும். 2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றத் தணிப்புச் சட்டத்தின்படி, மெய்த் துவக்கெனத் தோன்றும் போலித் துவக்கைச் செய்வதும், விற்பதும், பிறநாட்டிலிருந்து தருவிப்பதும் குற்றம். திரைப்படம், நாடகம், நூதனசாலை முதலியவற்றுக்கே விலக்கு உண்டு. பெற்றோர் பலர் அறியாதது இது: கடையில் வாங்கிய செம்மஞ்சள் நிற விளையாட்டுத் துவக்குக்குக் கறுப்பு வர்ணம் பூசி மெய்யானதுபோல் ஆக்குவதும் அதே குற்றமாகலாம். தக்க காரணமின்றிப் போலித் துவக்கைத் தெருவிலே கொண்டு திரிவது தனியே இன்னொரு குற்றம். எமது சிறுபராயத்தில், பூவரசங் கொம்பிலே துவக்குச் செய்து ஒழுங்கையில் ஒளிந்து விளையாடிய எம்மை, வாகனச் சத்தம் கேட்டதும் தாய்மார் ஓடிவந்து அடித்து உள்ளே இழுத்துச் சென்றார்கள். கொம்பு அடுப்புக்குள் போயிற்று. அந்த அடி ஏன் விழுந்தது என்பது எமக்கு வளர்ந்த பின்பே விளங்கிற்று. ஒளிவாள் செய்யுங்கள், தலைக்கவசம் செய்யுங்கள், துவக்கு வேண்டாம்.

மீண்டும் எமது மாணவனிடம் வருவோம். அடுத்த சனிக்கிழமை அக்குழாயைக் கொண்டுவரச் சொல்லி, அது செய்த முறையைத் தமிழிலே வகுப்புக்கு விளக்குமாறு கேட்டோம். முதலில் திக்கினான். "கட் பண்ணி, ஸ்ரிக் பண்ணி" என்றான். அறுத்தல், அராவுதல், துளைத்தல், தேய்த்தல், பொருத்துதல் என்னும் சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தோம். பத்து நிமிடம் பேசினான். வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: அறுத்து, அராவி, தேய்த்து, ஒட்டி. நாம் மூன்று கிழமை கற்பித்தும் வராதவை.

கதவருகே நின்ற தந்தையார் குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பு, 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத நாட்களில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலியிற் செய்தி கேட்ட கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். மிதித்தவர் தாமே என்றும், மிதி தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும் என்றும் சொன்னபோது வகுப்பு சிரித்தது. மகன் சிரிக்கவில்லை. "எத்தனை வோல்ற், அப்பா?" என்று கேட்டான்.

இப்போது இருவருமாக ஒரு சிறு டாலெக் செய்கின்றார்கள். மெய்யான டாலெக்கின் கீழுடம்பில் 56 அரைக்கோளங்கள் உண்டு. மேசைப்பந்தின் விட்டம் 40 மி.மீ.; பாதியாக வெட்டினால் 28 பந்துகள் போதும் என மகன் கணக்குப் பார்த்திருக்கின்றான். அந்த அளவுக்கு உடம்பு முழங்கால் உயரத்தைச் சற்றே தாண்டும். ஆண்டு விழாவன்று மண்டப வாயிலில் வைப்பதாகப் பேச்சு. இதை எழுதும்போது 40 அரைக்கோளங்கள் ஒட்டி முடிந்துவிட்டன. மிகுதியைத் தந்தையார் இரவு வேலை முடிந்து வந்து, மகன் எழும்புமுன் ஒட்டிவிடுகின்றாராம். மகனுக்கு அதில் கொஞ்சம் கோபம்.