பிடி அரிசியிலே பக்தி

சமயப் பற்று ஞாயிறு காலையில் பெட்டியினின்றும் எடுத்து உடுத்து, மாலையில் மடித்து வைக்கும் பட்டாடை போன்றது எனக் கருதுவோர் எச்சமயத்திலும் உளர். வேதாகமத்தில் ஓர் எழுத்தையேனும் விட்டுக்கொடுக்கலாகாது என்று வாதாடும் கிறிஸ்தவ இல்லங்கள் சிலவற்றில், சீதனப் பேச்சு எழுந்தவுடன் அவ்வேதாகமம் அலுமாரிக்குள் ஒதுங்கிவிடுவதையும் நாம் காண்கிறோம். முன்னோர் தந்த விசுவாசத்தை இறுகப் பற்றுவோர் அதனை அடுப்படியிலும் பணப்பெட்டியிலும் எங்ஙனம் நடத்திக் காட்டலாம்? இவ்வினாவிற்கு விடை தேடுவோர், வேதநாயகம் சாமுவேல் அசரியா என்னும் தமிழரின் வாழ்வை நோக்குதல் நன்று.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், ஒரு கிராமக் குருவானவரின் மகனாக 1874ஆம் ஆண்டு பிறந்தவர் அசரியா. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலே பயின்றபின், 1895இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பணியில் அமர்ந்தார். 1898இல் அன்பு மாரியம்மாள் என்னும் கல்வியறிவு மிக்க நங்கையை மணந்தார். அத்திருமணத்தில் சீதனம் இடம்பெறவில்லை; ஆடம்பரமும் இல்லை. பின்னாளில் பலருக்குப் போதிக்கப் போகிறவர், தம் வீட்டு வாசலிலேயே போதனையைத் தொடங்கிவிட்டார் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

யாழ்ப்பாணம் கற்பித்த பாடம்

1902ஆம் ஆண்டில் அசரியா யாழ்ப்பாணத்திற்கு வந்தார். இங்கே அவர் கண்ட ஒரு காட்சி அவர் உள்ளத்தை உறுத்திற்று. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் தொகையிற் சிறியோர். எனினும், கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டுத் தொண்டியிலே நற்பணி செய்ய ஓர் ஊழியரைத் தாமே அனுப்பி, தாமே பொருள் ஈந்து தாங்கி வந்தனர். திருநெல்வேலித் திருச்சபையோ நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறும் பெருந்தொகையான மக்களும் உடையது. அவ்வாறிருந்தும் அது தன் எல்லைக்கு அப்பால் தானாக எவரையும் அனுப்பியதில்லை. பிறநாட்டார் கொணர்ந்த நன்மையைப் பெற்று உண்டதேயன்றி, பிறர்க்குப் பரிமாற அது முன்வரவில்லை.

இவ்வுணர்வோடு ஊர் திரும்பிய அசரியா வாளாவிருந்தாரல்லர். அடுத்த ஆண்டிலேயே, 1903 பெப்ரவரியில், திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் பாளையங்கோட்டையில் உருவாயிற்று. 1905ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று சேராம்பூரில் இந்திய தேசிய மிஷனரிச் சங்கம் எழுந்தது. இந்தியரின் பொருளைக் கொண்டு, இந்தியரின் உழைப்பால், இந்தியரே நடத்துவது என்பது இவற்றின் அடிப்படை. யாழ்ப்பாணத்து எளிய இல்லங்களிற் சேர்ந்த காசு ஒரு பெருநாட்டின் திருச்சபையைத் துயிலெழுப்பிய வரலாறு இது. இதனை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

உலை வைக்குமுன் ஒரு பிடி

பிறரைப் போகச் சொல்லிவிட்டுத் தாம் நிற்பது அசரியாவிற்கு ஒவ்வவில்லை. 1909இல் சங்கப் பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சிக்குட்பட்டிருந்த தோர்ணக்கல் என்னும் தெலுங்கு நாட்டுப் பகுதிக்குச் சென்றார். அம்மக்களின் மொழியையும் கற்றார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

அவருடைய மந்தையிற் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த கூலியாட்கள். நாளெல்லாம் வயலில் உழைத்தும் அரைவயிற்றுக் கஞ்சிக்கு வருந்தியோர். இத்தகையோரிடம் காணிக்கை கேட்பது கொடுமையன்றோ எனச் சிலர் நினைக்கலாம். அசரியாவோ, கொடுக்கத் தெரியாத ஏழை என்றும் கையேந்தியே நிற்பான் என்று கருதினார். ஆதலால் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் உலையிலிடும் அரிசியினின்றும் ஒரு பிடியை முன்னரே எடுத்து வேறு பாத்திரத்திலே சேர்த்து வைத்தனர். சேர்ந்ததை ஆலயத்திற்குக் கொணர்ந்து காணிக்கையாகப் படைத்தனர்.

இவ்வழக்கத்தின் நுட்பத்தை நாம் சிந்திக்க வேண்டும். ஒரு பிடி குறைவதால் எவர் பசியும் பெருகுவதில்லை. ஆயினும், எஞ்சியதைக் கொடாமல் முதலில் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் அதனால் உண்டாகிறது. வேதம் வாசிக்க அறியாத தாயும் நாள்தோறும் தன் கையாலேயே ஒரு வேதபாடத்தை நடத்துகிறாள். அருகே நிற்கும் குழந்தை அதனைக் கண்ணாற் கற்கிறது.

நான்கு பகைவர்

கிராம மக்களின் பகைவராக அசரியா நான்கைக் குறிப்பிட்டார்: அழுக்கு, நோய், கடன், குடி. விசுவாசம் மெய்யாயின் முற்றம் சுத்தமாதல் வேண்டும், வட்டிக்காரனின் பிடி தளர்தல் வேண்டும், கள்ளுக்கடைக்குச் செல்லும் பாதையிற் புல் முளைத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து. ஞானஸ்நானம் பெறுவோர் தம் தலைமேற் கைவைத்து, நற்செய்தியைப் பிறர்க்கு அறிவிக்கும் கடமை தம்மைச் சார்ந்தது என உறுதி கூறவும் செய்தார். ஊழியம் குருமாருக்கு மட்டும் உரியது என்னும் மயக்கம் அங்ஙனம் அகன்றது.

கோட்பாட்டில் இத்துணை உறுதியுடையவர் அந்நிய நடையுடைகளையும் அதனோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளவில்லை. 1939 ஜனவரி 6இல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயம் இந்நாட்டுக் கோவில், பள்ளிவாசல் ஆகியவற்றின் சிற்ப மரபுகளைத் தழுவி எழுந்தது. மாறாதது எது, மாறத் தக்கது எது எனப் பிரித்தறிந்த தெளிவு அதிற் காணப்படுகிறது. அசரியா 1945 ஜனவரி 1இல் காலமானார். அவர் பெரிதும் உழைத்த திருச்சபை ஐக்கியம் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது. யாழ்ப்பாணச் சபைகளும் அதில் இணைந்தன.

நம் வீட்டில்

இனி, நாம் செய்யத் தக்கன யாவை? நாளிலொரு வேளை தந்தையும் தாயும் மக்களும் ஒருங்கு அமர்ந்து வேதம் வாசித்துச் செபித்தல் முதலாவது. மாத வருமானம் கைக்கு வந்தவுடனே கடவுளுக்கும் ஏழைக்கும் உரியதைத் தனியே வைத்தல் இரண்டாவது. பிள்ளைகளின் திருமணத்தை விலை பேசாதிருத்தல் மூன்றாவது. முதலிரண்டையும் செய்துவிட்டு மூன்றாவதில் நழுவுவோர் பலர். அங்கேதான் பக்தி உரைகல்லில் உரைக்கப்படுகிறது.

திருச்சபைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஆலயத்தில் ஒரே பாத்திரத்தினின்றும் நற்கருணை பெறுவோர், வெளியே வந்ததும் ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் அருந்தத் தயங்குவாராயின், அவர்கள் ஓதும் விசுவாசப் பிரமாணம் நாவளவில் நின்றுவிடுகிறது. கண்டிப்பான சமயம் மனிதரைக் கடுமையாக்கும் என்பர். அக்கண்டிப்பு அயலான் மேற் பாயும்போது அது உண்மையே. தன்மேற் பாயும் கண்டிப்போ மனிதனை இளகச் செய்யும்.

மாணவர்களே, பெரிய பதவியும் பெருஞ்செல்வமும் வந்த பின்னரே தொண்டு செய்யலாம் எனக் காத்திராதீர்கள். இன்று இரவு உங்கள் வீட்டில் உலை கொதிக்கும். அதில் அரிசியிடும் கைக்கு அருகே ஒரு சிறு பாத்திரத்தை எடுத்து வையுங்கள்.