நாடா சொல்லும் விட்டம்

பால்மரத்தை எப்போது வெட்டத் தொடங்கலாம்? வயதை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. ஒட்டுக்கு மேல் ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளப்பார்கள். சுற்றளவு 45 முதல் 50 சென்டிமீட்டர் வரை வந்துவிட்டால் மரம் வெட்டுக்குத் தயார். நெகிரி செம்பிலானில் இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டாலும், பால் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

விட்டம் மரத்துக்குள் இருக்கிறது. நாடா வெளியேதான் சுற்றும். விட்டத்தைப் பையால் பெருக்கினால் சுற்றளவு என்று பள்ளியில் படிக்கிறோம். இங்கே கேள்வி தலைகீழ். சுற்றளவு கையில் இருக்கிறது, விட்டம் வேண்டும். பெருக்கியதை வகுத்தால் போதும்: 50-ஐ 3.142-ஆல் வகுக்க 15.9 சென்டிமீட்டர். படிவம் 4 கூடுதல் கணிதத்தில் 'ஃபுங்சி சொங்சாங்' என்று வரும் நேர்மாறு சார்பு இதுதான். பெயரைக் கேட்டுப் பயந்தே அந்தப் பாடத்தை எடுக்காமல் விடுகிற நம் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு ஆதங்கம்தான்.

வனத்துறையினர் இந்தக் கணக்கை நாடாவிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். விட்ட நாடாவில் '1' என்ற கோடு உண்மையில் 3.14 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். மரத்தைச் சுற்றிப் பிடித்தால் நேராக விட்டத்தையே வாசிக்கலாம்.

பரப்பளவுக்கு வந்தால் கொஞ்சம் கவனம் தேவை. ஆரத்தை முதலில் வர்க்கப்படுத்துகிறோம், பிறகு பையால் பெருக்குகிறோம். திரும்பி வரும்போது வரிசை மாறும்: முதலில் பையால் வகுத்து, அப்புறம் வர்க்கமூலம். காலுறைக்கு மேல் சப்பாத்து போட்டவர் முதலில் சப்பாத்தைத்தானே கழற்றுவார்!

50 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 199 சதுர சென்டிமீட்டர். அது இரட்டிப்பாக, சுற்றளவு எவ்வளவு ஆக வேண்டும்? 100 என்று சொல்லத் தோன்றும். அப்படியானால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். சரியான விடை 70.7 சென்டிமீட்டர்.

வர்க்கமூலத்துக்கு நேர், எதிர் என இரண்டு விடைகள் உண்டு. எதிர் ஆரம் கொண்ட மரம் எந்தத் தோட்டத்திலும் இல்லை என்பதால் நேர் விடையை மட்டும் வைத்துக்கொள்கிறோம். ஒரு விடைக்கு ஒரே மூலம் இருந்தால்தான் நேர்மாறு உண்டு என்று பாடநூல் சொல்வதும் இதற்காகத்தான்.

பள்ளி வளாகத்து மரம் ஒன்றைத் தையல் நாடாவால் அளந்து பாருங்கள். தண்டு சரியான வட்டமாக இல்லாவிட்டால், நீங்கள் கணக்கிடும் பரப்பு உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். ஏன் என்று யோசியுங்கள்.