டிவியைக் கம்ப்யூட்டரில் மாட்டும் முன் எர்த்தைப் பாருங்கள்

சிபியு பெட்டியின் பின்பக்கத் திருகில் விரல் பட்டால் சுருக்கென்று கடிக்கிறதா? "லேசான ஷாக்தான், ஒண்ணும் செய்யாது" என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் விட்டோம். இரண்டு மானிட்டர்களோடு ஹாலில் இருந்த 43 இன்ச் டிவியையும் சேர்க்கலாம் என்று எச்டிஎம்ஐ வயரைச் செருகினேன். முனையில் நீலமாக ஒரு பொறி. டிவியின் அந்தப் போர்ட் அன்றோடு போயிற்று. சர்வீஸ் சென்டரில் "எரிந்திருக்கிறது, வாரன்டி கிடையாது" என்றார்கள். எந்தச் சட்டமும் எனக்குக் கைகொடுத்திருக்காது. கோளாறு எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ், மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்டி எர்த் வழியே வெளியேற்றும். எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு இரும்புப் பெட்டியிலேயே தங்கிவிடும். 230 வோல்ட் லைனில் ஏறக்குறைய பாதி, 115 வோல்ட் வரை பெட்டியில் நிற்கும். டிவியின் முதுகில் மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்தோ தெருவிலிருந்தோ வரும் கேபிள் இருக்கும். எச்டிஎம்ஐ வயரைச் செருகியதும் இரண்டின் உடலும் ஒன்றாகி, கசிவு அந்தக் கேபிள் வழியே மண்ணுக்குப் பாய்கிறது. சில வோல்ட்டுக்கே பழகிய போர்ட் சில்லு அதைத் தாங்காது. எஸ்எம்பிஎஸ் உள்ளே பழுதானால் முழு 230 வோல்ட்டும் பெட்டிக்கு வரலாம்; அப்போது உயிருக்கே ஆபத்து.

மூன்று பின் பிளக்கில் மேலே உள்ள தடித்த பின் மற்ற இரண்டையும்விட நீளம். எர்த் முதலில் தொட வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். அதை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டரை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். சாக்கெட்டில் ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருப்பதாக ஆகாது. எலக்ட்ரீஷியனை அழைத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை எரித்துக் காட்டச் சொல்லுங்கள். மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை. கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் இந்தச் சோதனையில் அது டிரிப் ஆகும், அது பழுதல்ல. ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இதோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். திரைகளை இணைக்கும்போது எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, டிவி கேபிளையும் பிரித்துவிட்டு, வயர்களை மாட்டிய பிறகே கரண்ட் கொடுங்கள். இடி மழையிலும் அந்தக் கேபிளைக் கழற்றி வையுங்கள்.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள் வேறு. எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தைத்தான் எல்லாத் திரையிலும் காட்டும். தனித்தனி வேலைக்கு உதவாது. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண வயர் ஒருவழிப் பாதை, திருப்பி மாட்டினால் படம் வராது. 4கே டிவியில் மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்ந்தால், நடுவில் எங்கோ எச்டிஎம்ஐ 1.4 இருக்கலாம், அதில் 4கே நொடிக்கு 30 படம்தான், 60 வேண்டுமென்றால் 2.0 தேவை. என்ன வேலைக்கு வாங்குகிறீர்கள் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லி, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

எழுதிய வேலையை அந்தப் பொருள் செய்யாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்கள் பக்கம் நிற்கும். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அச்சட்டப்படி நேர்மையற்ற வணிகம். வாரன்டியை மறுத்தால் காரணத்தை ஜாப் ஷீட்டில் எழுதிக் கேளுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்குள் மெஷின் பில்லின் எழுத்து வெளுத்துவிடும்; வாங்கிய அன்றே போனில் படமெடுத்து வையுங்கள்.