குதிரை உயர்ந்தால் கை தடுமாறும்

நவம்பர் பிறந்ததும் மலேசியாவின் மெர்சிங்கில் கடல் முரண்டு பிடிக்கத் தொடங்கும். தியோமான் தீவுக்குப் போகும் படகுகள் குறைந்துபோகும். மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுதான் ஊரை ஆளும். அது கொண்டுவரும் ஈரம் துணிமணியோடு நிற்பதில்லை. அலமாரி மேல் கிடக்கும் வயலின் பெட்டிக்குள்ளும் புகும். சரளி வரிசை பழகும் பிள்ளை, போன மாதம் ஒழுங்காக வந்த ஸ்வரம் இப்போது கிறீச்சிடுகிறதே என்று தன் கையை நொந்துகொள்ளும். பல வேளைகளில் குற்றம் கையில் இல்லை, மரத்தில் இருக்கிறது.

அது ஏன் என்று புரிய, முதலில் வில்லைப் பார்க்க வேண்டும். வில் தந்தியை உரசுகிறது என்கிறோம். உண்மையில் நடப்பது பிடிப்பதும் விடுவதும். ரோசின் பூசிய குதிரை முடி தந்தியைப் பிடித்து இழுக்கும், தாங்காத நிலையில் தந்தி வழுக்கித் திரும்பும், மறுபடி பிடிபடும். ஒரு ஸ்வரத்துக்கு இது நொடிக்குச் சில நூறு முறை பிசகாமல் நடக்க வேண்டும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களில் இந்த அசைவைக் கண்டறிந்தார். அதன் கணக்கை விரித்து எழுதியவர் நம் திருச்சிக்காரர் சி. வி. ராமன். அவருடைய தந்தை வயலின் வாசிப்பவர். 1918இல் கல்கத்தாவில் ராமன் வெளியிட்ட ஆய்வு முழுக்க வில்லால் இசைக்கும் தந்திகளைப் பற்றியது. பிறகு வில்லை அசையாமல் நிறுத்தி, வயலினையே முன்னும் பின்னும் நகர்த்தும் ஓர் இயந்திரத்தையும் செய்து சோதித்தார். நோபல் பரிசு பெற்றுத் தந்த ஒளிச்சிதறலைவிட இந்த வேலைதான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

வில்லின் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் தந்தி பிடிபடாது, ஒலி வெறும் காற்றாகிவிடும். ராமன் இந்தக் கீழெல்லையை ஆராய்ந்தார். அதிகம் அழுத்தினால் தந்தி விடுபடாமல் கரகரக்கும். 1973இல் ஷெல்லெங் என்ற அமெரிக்கர் இரண்டு எல்லைகளையும் ஒரே படத்தில் வரைந்து காட்டினார். வில், தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையை நெருங்கிப் பாதித் தொலைவுக்கு வந்தால், வேண்டிய குறைந்தபட்ச அழுத்தம் 4 மடங்காகிறது. பொறுக்கும் அதிகபட்சமோ 2 மடங்குதான். ஆக, நடுவே கிடைக்கும் இடம் குறுகுகிறது. புதிதாகப் பழகுபவரின் வில் குதிரைக்கும் விரல் பலகைக்கும் நடுவே அலைந்துகொண்டிருக்கும். ஒவ்வோர் இடத்திலும் அது வேறு அழுத்தம் கேட்கும்.

கருவி சரியாக அமைந்திருந்தால் இந்தச் சிரமத்தோடு போகும். மலிவு வயலின்களில் அப்படி அமைவது அபூர்வம். குதிரையின் மேல்வளைவு தட்டையாக இருந்தால் வில் இரண்டு தந்திகளை ஒன்றாகத் தொடும். சுருதி கூட்டும் பிருடைப் பக்கம் தந்தி ஏறி வரும் சிறு மேடு உயரமாக இருந்தால் முதல் விரலே வலிக்கும். உயரே நிற்கும் தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டு, ஸ்வரம் கூடுதலாக ஒலிக்கும். விரல் சரியான இடத்தில் இருந்தாலும் சுருதி தப்பும்.

மெர்சிங்கின் ஈரம் இங்கேதான் வேலை காட்டுகிறது. மரம் ஈரத்தில் இழையின் குறுக்கே பருக்கும், நீளவாக்கில் அவ்வளவாகப் பருக்காது. வயலினின் மேற்பலகையில் இழை நீளவாக்கில் ஓடுகிறது. அகலத்தில் பருக்க முயன்றால் விளிம்புகள் பசையால் கட்டுண்டிருக்கின்றன. ஆகவே நடு வளைவு எழும்புகிறது. அதன் மேல் நிற்கும் குதிரையும், குதிரை மேல் தந்தியும் உயர்கின்றன. குளிர்நாடுகளில் செல்லோ வாசிப்பவர்கள் சிலர் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என இரண்டு குதிரை வைத்திருப்பது இதனால்தான். மலேசியாவில் பருவம் மாறக் காத்திருக்க வேண்டாம். மழைக்காற்றிலிருந்து ஏர்கோன் அறைக்குள் நுழைந்தாலே போதும். வெளியே பிருடை பருத்து இறுகும். உள்ளே உலர்ந்து வழுக்கிச் சுருதி இறங்கும். சாக்கும் சோப்பும் தடவுவது பழைய கைவைத்தியம். பிருடை முட்டை வடிவாகிவிட்டிருந்தால் அதுவும் பலிக்காது, சீவித்தான் ஆக வேண்டும்.

கர்நாடக இசை பயில்பவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கடையில் பூட்டி வரும் தந்திகள் மேற்கத்தியச் சுருதிக்கானவை. 5 கட்டையில் ச-ப-ச-ப என்று கூட்டினால் கீழ்த் தந்திகள் இரண்டும் அப்படியே இருக்க, மேல் தந்திகள் இரண்டும் ஒரு முழு ஸ்வரம் இறங்குகின்றன. இழுவிசை சுருதியின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தளர்ந்த தந்தி வில்லின் அழுத்தத்தைக் குறைவாகவே பொறுக்கும், சீக்கிரம் கரகரக்கும். இதையும் மாணவர் தலையில்தான் கட்டுவோம். சற்றுத் தடித்த தந்தி மாட்டினால் சரியாகும்.

தந்தி மாற்றும்போது நான்கையும் ஒன்றாகக் கழற்றக் கூடாது. உள்ளே மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே நிற்கும் சிறு தண்டுக்குப் பசை கிடையாது. தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அது சாய்ந்தால் கருவி பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.