ஆடாமல் ஆட்டுவிப்போர்

கூத்தாடுவோரைக் காண ஊர் திரளும். அவர்களை ஆட்டுவிக்கும் அண்ணாவியாரைக் காணவென்று வருவோர் மிகச் சிலரே. ஆயினும், மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கூத்து மரபு இன்றுவரை நிலைத்து நிற்பதற்கு அண்ணாவிமாரே முதற் காரணர். தருமனாக நிற்கத்தக்கவர் எவர், வீமனுக்கேற்ற உடற்கட்டு எவருக்கு உண்டு, திரௌபதையின் பாட்டுக்கு எவருடைய சாரீரம் இசையும் என்பனவற்றை ஆராய்ந்து தெளிபவர் அண்ணாவியார். பாத்திரங்களுக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ஏடுகளை உரியவரிடம் ஒப்படைக்கும் நிகழ்ச்சியைச் 'சட்டங்கொடுத்தல்' என்பர். அதன்பின் பல நாட் பழக்கம். பிறகு அடுக்குப் பார்த்தல். இறுதியிலேதான் வட்டக்களரியில் அரங்கேற்றம்.

இதனை ஒத்ததொரு சட்டங்கொடுத்தலை இன்று நம் மாணவர் சிலர் கணினித் திரையின் முன்னமர்ந்து செய்து வருகின்றனர். உதைபந்தாட்ட முகாமை விளையாட்டு என்று அதனைச் சொல்லலாம். "படிக்கிற பிள்ளை பந்துப் படத்தோடே இரவைக் கழிக்கிறான்" என்று பெற்றோரும் ஆசிரியரும் குறைப்பட்டுக் கொள்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. கண்ணும் உறக்கமும் கெடுமளவுக்கு எந்த விளையாட்டும் ஆகாது. எனினும், அவ்விளையாட்டினுள்ளே நல்ல பாடம் ஒன்று பொதிந்து கிடக்கின்றது. தாக்குதலை எவ்வாறு அமைப்பது என்பதே அப்பாடம். அது மைதானத்துக்கு மட்டும் உரியதன்று என்பதனாலேயே ஆசிரிய உலகின் முன் அதனை எடுத்து வைக்க விரும்புகிறேன்.

விளையாட்டின் இயல்பு

1982 ஆம் ஆண்டில் கெவின் டொம்ஸ் என்னும் ஆங்கிலேயர் 'ஃபுட்போல் மனேஜர்' என்ற பெயரில் இத்தகைய விளையாட்டொன்றை வெளியிட்டார். 1992 இல் போல் கொலியர், ஒலிவர் கொலியர் என்னும் சகோதரர் இருவர் 'சம்பியன்ஷிப் மனேஜர்' என்ற வேறொன்றைக் கொண்டுவந்தனர். அவர்கள் தொடங்கிய மரபே 2004 முதல் 'ஃபுட்போல் மனேஜர்' என்னும் பழைய பெயரைத் தாங்கி வருகின்றது. 2025 நவம்பரில் வெளிவந்த பதிப்பிலே மகளிர் உதைபந்தாட்டமும் இடம்பெற்றது. பந்து நம்மிடம் உள்ளபோது ஓர் அணிவகுப்பு, எதிரியிடம் உள்ளபோது வேறோர் அணிவகுப்பு என இரண்டு வகுத்துக் கொள்ளவும் அதில் வழி செய்யப்பட்டது.

இவ்விளையாட்டில் ஆடுபவன் எந்த வீரனுடைய காலையும் அசைப்பதில்லை. பந்தை உதைப்பதும் அவன் வேலையன்று. வீரரைத் தேர்கிறான், நிறுத்துகிறான், ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரத்தை வகுத்துக் கொடுக்கிறான். வேகம், துணிவு, பந்து கொடுக்கும் நுட்பம், முடிவெடுக்கும் திறன் முதலிய குணங்கள் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரையில் வீரர்க்கு எண் இடப்பட்டிருக்கும். ஆட்டம் தொடங்கியபின் கணினியே கணக்கிட்டு ஆட்டத்தை நடத்திச் செல்லும். முகாமையாளன் எல்லைக்கோட்டின் வெளியே நின்று காண்பான். வேண்டின் இடையிலே சட்டத்தைத் திருத்துவான்.

கலையை எண்ணிலே அடக்குவதா என்று இலக்கிய அன்பர்கள் ஐயுறலாம். எண்ணுக்கும் கலைக்கும் பகையில்லை என்பதற்குக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளே நமக்குச் சான்று. 1947 இல் வெளிவந்த அவரது 'யாழ் நூல்' மறைந்துபோன யாழ்களை மீட்டெடுத்தது கணிதத்தின் துணைகொண்டன்றோ?

ஆள் பெருகினால் கோல் பெருகுமா?

இவ்விளையாட்டிற் புதிதாகப் புகும் மாணவன் முதலில் செய்வது, முன்வரிசையில் ஆட்களைக் குவிப்பதேயாகும். நால்வரை முன்னே நிறுத்தி, "எல்லோரும் முன்னேறுக" என்று கட்டளையிட்டுவிட்டுக் கோல்மழையை எதிர்பார்த்திருப்பான். மழை பொழிவதில்லை. எனக்குத் தெரிந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இவ்வாறே ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்று வந்தான். அவனுடைய அணி எதிரியின் கோலை நோக்கி ஓயாது பந்தை உதைத்தது. ஆனால் அவற்றுள் மிகப் பல தொலைவிலிருந்து, எதிர்வீரரின் கால்களுக்கிடையே உதைக்கப்பட்டவை. நால்வர் முன்னே சென்றால் அவர்களைக் காக்க எதிரியின் எண்மர் பின்வாங்குவர். கோல் முன்னே சந்தைக்கூட்டம் கூடிவிடும். அக்கூட்டத்திடையே பந்து புக இடமேது?

உதைபந்தாட்ட வரலாறும் இவ்வுண்மைக்குச் சான்று பகரும். முற்காலத்து அணிகள் ஐவரை முன்வரிசையில் நிறுத்தின. 1925 இல் ஓஃப்சைட் விதி மாறிற்று. தாக்கும் வீரனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும் என்றிருந்தது, இருவர் போதும் என்றாயிற்று. அம்மாற்றத்தை அடுத்து ஆர்சனல் கழகத்தின் முகாமையாளர் ஹேர்பேர்ட் சப்மன் நடுக்களத்து வீரன் ஒருவனைப் பின்வரிசைக்கு அனுப்பினார். முன்வரிசை ஐவருள் இருவரைப் பின்னிழுத்து நடுக்களத்தை நிரப்பினார். கூர்முனையில் மூவரே எஞ்சினர். கோல் குறைந்ததா? 1930–31 ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வணி 42 ஆட்டங்களில் 127 கோல்களை அடித்து இங்கிலாந்தின் வாகையைச் சூடிற்று. பின்னே சென்ற இருவரும் தாக்குதலை விட்டு விலகியவரல்லர். தாக்குதலுக்கு வேண்டிய இடத்தை உண்டாக்கிக் கொடுத்தவர்கள்.

கரைவலை தரும் பாடம்

இடம் எவ்வாறு உண்டாகிறது? இதற்கு விடைகாண நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுவதில்லை. கல்லடிக் கடற்கரையிலோ கல்முனைக் கடற்கரையிலோ கரைவலை இழுப்பதைக் கண்டோர் அறிவர். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுத் தோணி கடலினுள் வளைந்து சென்று, மற்றக் கயிற்றைத் தொலைவில் வேறோரிடத்திலே கரை சேர்க்கும். இரு கூட்டத்தார் இரு முனைகளிலும் அகன்று நின்று இழுப்பர். மீன் சிக்குவது நடுவிலுள்ள மடியிலே. ஆனால் மடிக்கு அதனைக் கொண்டு சேர்ப்பவை பக்கங்களிலே விரிந்து கிடக்கும் கைகள். தொடக்கத்திலேயே இரு கூட்டமும் நெருங்கிவிட்டால் வலை அகலாது. ஒரு பக்கம் விரைந்து மறுபக்கம் பிந்தினாலும் மீன் தப்பும்.

தாக்குதலின் முதல் விதி இந்த அகலமேயாகும். இடப்புறத்தும் வலப்புறத்தும் எல்லைக்கோட்டை ஒட்டி ஒவ்வொருவர் எப்பொழுதும் நிற்றல் வேண்டும். ஓர வீரன் அங்கே நின்றால் எதிரியின் காவலன் அவனை நோக்கி அகன்றே தீர வேண்டும். அவன் அகன்றால் நடுவிலே வாயில் திறக்கும். ஓர வீரன் உள்நோக்கி வெட்டி ஓடுபவனாயின், அவன் விட்டுச்சென்ற ஓரத்தைப் பின்னிருந்து வரும் பக்கக் காவலன் நிரப்பட்டும். இருவரும் ஒரே தடத்தில் ஓடினால் எதிரியின் ஒருவனே இருவரையும் காத்துவிடுவான். இருவரும் உள்ளே நுழைந்தாலோ, ஓரம் பாழாகி நடு நெருக்கமுறும்.

இரண்டாவது விதி, ஓட்டத்தில் வேறுபாடு. முன்வரிசையினர் எல்லோரும் கோலை நோக்கியே ஓடினால் பந்தை வாங்கிக் கொடுக்க ஆளில்லை. எல்லோரும் பின்வந்து பந்தைக் கேட்டால் எதிரியை அச்சுறுத்த ஆளில்லை. ஒருவன் இறங்க, மற்றொருவன் ஏற வேண்டும். 1953 நவம்பர் 25 இல் வெம்பிளி மைதானத்திலே ஹங்கேரி இங்கிலாந்தை 6–3 என வென்றது இத்தத்துவத்தைக் கொண்டே. நடு முன்வரிசை வீரராகிய ஹிடெகுட்டி தமக்குரிய இடத்தில் நில்லாது நடுக்களத்துக்கு இறங்கினார். அவரைத் தொடர்வதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று இங்கிலாந்தின் நடுக்காவலர் திகைத்தார். தொடர்ந்தால் பின்னே வெற்றிடம்; நின்றால் ஹிடெகுட்டிக்குச் சுதந்திரம். அன்று ஹிடெகுட்டி மட்டும் மூன்று கோல் அடித்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 2009 மே 2 இல், பார்சிலோனா அணி மெஸ்ஸியை அவ்வாறே நடுவில் இறக்கி ஆடவைத்து, ரியல் மட்ரிட் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 6–2 என வீழ்த்திற்று. காலம் மாறினும் கணக்கு மாறவில்லை.

மூன்றாவது விதி, தாக்கும்போதே காவலையும் எண்ணுதல். இரு நடுக்காவலரும் அவர்கள் முன்னே ஒரு நடுக்கள வீரரும் பின்தங்கி நின்றால், பறிபோன பந்து அங்கேயே மீட்கப்பட்டுத் தாக்குதல் மீண்டும் தொடங்கும். அக்காவல் இல்லாத அணி, ஒவ்வொரு முறையும் தன் கோல் வரை ஓடிவந்து, களைத்த காலுடன் புதிதாகத் தொடங்க வேண்டியதாகும்.

நான் மேலே சொன்ன மாணவன் செய்த திருத்தம் மிகச் சிறியது. முன்வரிசை நால்வருள் ஒருவனை நடுக்களத்துக்கு இறக்கினான். இடப்புற ஓர வீரனைக் கோட்டை விட்டு அசையாதே என்றான். ஒரே நாளில் பத்து மாற்றம் செய்யாமல், ஒன்றைச் செய்து சில ஆட்டம் பார்த்து, பந்து எவ்விடத்திலிருந்து கோலை நோக்கி உதைக்கப்படுகிறது என்று குறித்துக்கொண்டு, பின்னரே அடுத்ததை மாற்றினான். விஞ்ஞான கூடத்தில் நாம் அவனுக்குக் கற்பிக்க முயலும் முறை இதுவன்றி வேறென்ன?

ஆளுக்கேற்ற பாத்திரம்

விதிகள் மூன்றும் அறிந்தபின்னும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. எந்தத் திட்டமும் ஆளைக் கண்ட பின்பே எழுதப்பட வேண்டும். உயர்ந்து எழுந்து தலையால் முட்டவல்லவன் உள்ள அணிக்கு ஓரத்திலிருந்து உயரப் பந்து வரவேண்டும். சிறியனாய் விரைந்தோடுபவன் உள்ள அணிக்கு எதிரியின் முதுகுப்புறத்தே நிலத்தோடு பந்து வரவேண்டும். வெளிநாட்டுப் பேரணியின் அணிவகுப்பை அப்படியே பெயர்த்தெடுத்துத் தன் சிறிய கழகத்துக்குச் சூட்டும் மாணவன், கட்டியகாரனுக்குக் கன்னனின் முடியைக் கட்டிய அண்ணாவியாரை ஒப்பான்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நமது அண்டை நாட்டிலேயே உண்டு. அவர் ஓர் ஆசிரியர் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம் பள்ளி ஆசிரியராயிருந்து இந்திய அணியின் பயிற்றுநரானவர். 1956 இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவருடைய அணி நான்காமிடம் பெற்றது. 1962 இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் ஜர்னெயில் சிங் என்னும் பின்வரிசைக் காவலர் தலையில் அடிபட்டுத் தையலிட்டிருந்தார். ரகீம் அவரை அரையிறுதியிலும் இறுதியிலும் முன்வரிசையில் நிறுத்தினார். தென்கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் 2–1 என இந்தியா வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அவ்விரு கோல்களுள் ஒன்று ஜர்னெயில் சிங் அடித்தது. ஆளை அறிந்தவரின் சட்டங்கொடுத்தல் அது.

இங்கேதான் கணினியின் எல்லையும் புலனாகின்றது. துணிவுக்கு 15 என்று எண் எழுதிவிடலாம். தலைக்காயத்தோடு ஒருவர் 'நான் ஆடுகிறேன்' என்று சொல்லும்போது அவர் கண்ணில் தெரியும் ஒளிக்கு எண் எழுத முடியாது. வாடைக்காலத்துச் சேற்றிலே பந்து நின்றுவிடுவதும், சித்திரை வெயிலிலே நா வறண்டு போவதும் திரையில் உறைப்பதில்லை. ஆகவே இவ்விளையாட்டு மைதானத்துக்கு முன்னுரையாகலாமேயன்றி மாற்றாகாது.

மட்டுநகரிலே வெபர் விளையாட்டரங்கு இருக்கின்றது. அமெரிக்காவிலிருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரி மாணவரின் விளையாட்டுக்காக உழைத்த யேசு சபைத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயர் தாங்கியது அது. கோல் அடித்த ஒருவரின் பெயரன்று, பயிற்றுவித்த ஒருவரின் பெயரே அங்கு நிலைத்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தல் தகும். ஆயினும் நம் பாடசாலை மைதானங்களில் இன்றும் புகழ் முழுவதும் பந்தைக் கடைசியாகத் தொட்டவனுக்கே போகின்றது. அதனாலேயே சிறுவர் அனைவரும் பந்தை நோக்கியே ஓடுகின்றனர். ஓரத்தில் நின்று வழிதிறக்க எவனும் மனங்கொள்வதில்லை. ஒருவன் தொண்ணூறு நிமிடமும் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடி, பந்தையே காணாமல் வீடு திரும்புகிறான். அவன் ஓடியிராவிட்டால் அந்தக் கோல் விழுந்திராது என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லையெனில், அடுத்த வாரம் அவனும் பந்தின் பின்னே ஓடும் கூட்டத்தோடு சேர்ந்துவிடுவான்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பாடசாலை ஆட்டம் முடிந்ததும், நம் அணி அடித்த கோல் எவ்வாறு விளைந்தது என்று ஒரு பக்கம் எழுதிவருமாறு மாணவரைப் பணியுங்கள். ஒரு நிபந்தனை மட்டும் இடுங்கள்: கோல் அடித்தவனின் பெயர் அதில் வரலாகாது. கணினியின் முன்னே இரவைக் கழிக்கும் பிள்ளையே அப்பக்கத்தை மற்றெவரிலும் நன்றாக எழுதிவரக்கூடும்.