புத்தகத்தை மூடிப் படியுங்கள்

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும் பி.டி.3 தேர்வு 2022-இலும் அகற்றப்பட்டன. அதனால், பாகான் டாலாமில் இன்று ஐந்தாம் படிவம் பயிலும் பிள்ளைக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பெரிய அரசாங்கத் தேர்வு. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் சான்றிதழே கிடைக்காது.

திரும்பத் திரும்ப வாசித்தால் போதுமா? அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் இதைச் சோதித்தனர். இருமுறை வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடே நினைவில் நின்றது. ஒருமுறை வாசித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 விழுக்காடு!

ஆகவே மாணவர்களே, ஒரு பாடம் முடிந்ததும் நூலை மூடி, நினைவில் உள்ளதை எழுதுங்கள். விடுபட்டதை மீண்டும் படியுங்கள். மறுநாளும் அடுத்த வாரமும் எழுதிப் பாருங்கள்.

பெற்றோரே, "படித்தாயா?" என்று கேட்காதீர்கள். "படித்ததைச் சொல், கேட்கிறேன்" என்று பக்கத்தில் அமருங்கள்.