தமிழ்த் திரைப்படப் பட்டியல்கள் தொகுத்தல்

தமிழ்த் திரைப்படப் பட்டியல்கள் தொகுத்தல் என்பது, ஏதேனும் ஒரு பொதுத்தன்மை கொண்ட திரைப்படங்களை ரசிகர்களும் ஆய்வாளர்களும் தேடி எடுத்து, ஓர் ஒழுங்கில் வரிசைப்படுத்தி வைக்கும் பணியாகும். இரட்டை வேடப் படங்கள், தீபாவளிக்கு வெளிவந்த படங்கள், பாடல்கள் இல்லாத படங்கள், பெண்கள் இயக்கிய படங்கள், ஒரே பெயரில் இருமுறை வந்த படங்கள் எனப் பட்டியலின் பொருள் எதுவாகவும் இருக்கலாம். பொழுதுபோக்காகத் தொடங்கும் இப்பணி, படச்சுருள் அழிந்துபோன பல பழைய படங்களுக்கு இன்று எஞ்சியுள்ள ஒரே பதிவாகவும் அமைந்துவிடுகிறது.

பின்னணி

தொலைக்காட்சி வருவதற்கு முன்பு ஒரு படத்தை நினைவில் வைத்துக்கொள்ள ரசிகர்களுக்குக் கிடைத்த எளிய கருவி பாட்டுப்புத்தகம் ஆகும். திரையரங்க வாசலில் சில காசுகளுக்கு விற்கப்பட்ட இச்சிறு வெளியீட்டில் கதைச்சுருக்கம், நடிகர்களின் பெயர்கள், பாடல் வரிகள் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். கதைச்சுருக்கம் முடிவைச் சொல்லாமல், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்ற பொருளில் நின்றுவிடுவது வழக்கம். இப்புத்தகங்களைச் சேர்த்துக் கட்டி வைத்தவர்களே தமிழில் தொடக்ககாலப் பட்டியலாளர்கள் எனலாம். 'பேசும் படம்', 'குண்டூசி', 'பொம்மை' முதலிய திரைப்பட இதழ்களும் அவர்களுக்கு உதவின.

இத்துறையில் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் பிலிம் நியூஸ் ஆனந்தன் (இறப்பு: 2016). தமிழ்த் திரையுலகின் முன்னோடி மக்கள் தொடர்பாளரான இவர், வெளியான படங்களின் தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் விவரங்களையும் ஒளிப்படங்களையும் பல்லாண்டுகள் திரட்டினார். அத்தரவுகளின் அடிப்படையில் அமைந்த 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்னும் அவருடைய நூல் 2004இல் வெளிவந்தது. தமிழ்த் திரைப்படங்கள் பற்றிய பிற்காலப் பட்டியல்கள் பலவற்றுக்கு அவருடைய தொகுப்பே அடித்தளமாக உள்ளது.

பிற நாடுகளிலும் இதே போக்கைக் காணலாம். இன்று உலகெங்கும் பயன்படும் ஐஎம்டிபி என்னும் திரைப்படத் தரவுத்தளம், நடிகர், நடிகை, இயக்குநர் எனத் தனித்தனியே ரசிகர்கள் வைத்திருந்த பட்டியல்களிலிருந்து 1990இல் உருவானது. அதனைத் தொடங்கிய பிரித்தானியர் கோல் நீதமும் ஒரு ரசிகரே. 1998இல் அமேசான் நிறுவனம் அதனை வாங்கியது.

பட்டியலின் தேவை

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமாகக் கருதப்படுவது ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' ஆகும். இதன் படச்சுருள் இன்று இல்லை. இது வெளிவந்த ஆண்டாக 1916 முதல் 1918 வரை வெவ்வேறு ஆண்டுகள் நூல்களில் காணப்படுகின்றன. தமிழின் முதல் பேசும் படமாகக் கொள்ளப்படும் 'காளிதாஸ்' (1931) படமும் கிடைக்கவில்லை. எச். எம். ரெட்டி இயக்கத்தில் டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தைப் பற்றி இன்று அறியப்படுபவை, அக்கால விளம்பரங்கள், செய்திகள், பாட்டுப்புத்தகம் ஆகியவற்றின் வழியாக அறியப்படுபவையே.

பழைய படங்கள் அழிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்துவிடக்கூடியது. ஓடி முடித்த படச்சுருள்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டதும் உண்டு. திரைப்படங்களைப் பாதுகாக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964இல்தான் அமைந்தது. அதற்கு முன்பே பெரும் இழப்பு நேர்ந்துவிட்டது. இந்நிலையில் ஒரு படம் பட்டியலிலிருந்து விடுபட்டால், அது வரலாற்றிலிருந்தே விடுபட்டதாகிவிடும். தவறாகச் சேர்க்கப்பட்டால், சரிபார்க்கப் படமே இல்லாததால் அப்பிழை நிலைத்துவிடும்.

வரையறையின் முதன்மை

ஒரு பட்டியலின் தரம் அதன் நீளத்தைப் பொறுத்ததன்று. எது சேரும், எது சேராது என்பதைத் தொகுப்பவர் முதலிலேயே வகுத்துக்கொண்டாரா என்பதைப் பொறுத்ததாகும். 'பாடல்கள் இல்லாத தமிழ்த் திரைப்படங்கள்' என்னும் பட்டியலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதில் ஐயத்துக்கு இடமின்றிச் சேரும் படங்கள் சில:

- அந்த நாள் (1954) – இயக்கம்: எஸ். பாலச்சந்தர்
- உன்னைப்போல் ஒருவன் (1965) – இயக்கம்: ஜெயகாந்தன்
- வீடு (1988) – இயக்கம்: பாலு மகேந்திரா
- சந்தியா ராகம் (1989) – இயக்கம்: பாலு மகேந்திரா
- குருதிப்புனல் (1995) – இயக்கம்: பி. சி. ஸ்ரீராம்
- ஹவுஸ்புல் (1999) – இயக்கம்: பார்த்திபன்

இதற்குமேல் வினாக்கள் எழுகின்றன. 'கைதி' (2019) படத்துக்கெனப் புதிய பாடல்கள் இயற்றப்படவில்லை. ஆனால் வேறு படங்களின் பழைய பாடல்கள் அதில் ஒலிக்கின்றன. கமல்ஹாசன் நடித்த 'உன்னைப்போல் ஒருவன்' (2009) படத்தில் வழக்கமான பாடல் காட்சிகள் இல்லை. ஆனால் பாடல்கள் அடங்கிய இசைத்தொகுப்பு தனியே வெளிவந்தது. 'பேசும் படம்' (1987) உரையாடலே இல்லாத படம். கன்னடத்தில் 'புஷ்பக விமானா' என்ற பெயரில் வெளிவந்த அதே படமே அது. அதனைத் தமிழ்ப் படம் எனக் கொள்வதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

'பாடல் காட்சி இல்லாத படங்கள்' என்று வரையறுத்தால் ஒரு பட்டியலும், 'படத்துக்கெனப் பாடல் எதுவும் இயற்றப்படாத படங்கள்' என்று வரையறுத்தால் வேறொரு பட்டியலும் கிடைக்கும். இரண்டும் சரியானவையே. வரையறையைச் சொல்லாமல் இரண்டையும் கலந்து தருவதுதான் பிழையாகும்.

எண்ணிக்கைப் பட்டியல்கள்

நடிகர்களின் படங்களை எண்ணி வரிசைப்படுத்துவது ரசிகர்களிடையே மிகுதியாகக் காணப்படும் பழக்கமாகும். சிவாஜி கணேசனுக்கு 'நவராத்திரி' (1964), எம். ஜி. ஆருக்கு 'ஒளி விளக்கு' (1968), கமல்ஹாசனுக்கு 'ராஜபார்வை' (1981), ரஜினிகாந்துக்கு 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985), விஜயகாந்துக்கு 'கேப்டன் பிரபாகரன்' (1991) ஆகியவை 100ஆவது படங்களாகக் குறிக்கப்படுகின்றன.

இந்த எண்கள் ஒரே அளவுகோலால் எண்ணப்பட்டவை அல்ல. ரஜினிகாந்த் 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் அறிமுகமாகிப் பத்தாண்டுகளில் 100ஐத் தொட்டார். அவ்வெண்ணிக்கையில் தெலுங்கு, கன்னடம், இந்திப் படங்களும் அடங்கும். கமல்ஹாசனின் எண்ணிக்கையிலும் பிறமொழிப் படங்கள் உண்டு. தமிழ்ப் படங்களை மட்டும் எண்ணினால் இருவருக்கும் 100ஆவது படம் வேறாகிவிடும். கௌரவத் தோற்றம், குழந்தை நட்சத்திரமாக நடித்தவை, மொழிமாற்றம் செய்யப்பட்டவை ஆகியவற்றை எண்ணுவதா என்பதிலும் வேறுபாடு வரும்.

எண்ணிக்கை வெறும் விளையாட்டன்று என்பதற்கும் சான்று உண்டு. 1964 தீபாவளி நாளில் சிவாஜி கணேசன் நடித்த 'நவராத்திரி', 'முரடன் முத்து' ஆகிய இரு படங்களும் ஒன்றாக வெளியாயின. இவற்றுள் 100ஆவது எது என்ற நிலையில், ஒன்பது வேடங்களில் அவர் நடித்த 'நவராத்திரி' அப்பெருமையைப் பெற்றது. இதனால் 'முரடன் முத்து' படத்தின் இயக்குநர் பி. ஆர். பந்துலு மனவருத்தம் அடைந்தார் என்று திரைப்பட வரலாற்றில் கூறப்படுகிறது. சிவாஜி கணேசனைக் கொண்டு 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கர்ணன்' போன்ற படங்களைத் தந்த பந்துலு, அடுத்த ஆண்டே எம். ஜி. ஆரைக் கொண்டு 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தை எடுத்தார்.

மறைந்திருப்பதைக் காட்டும் பட்டியல்கள்

தனித்தனியே அறிந்த செய்திகளை வரிசையில் வைக்கும்போது, அதுவரை புலப்படாத ஒன்று தெரியவரும். 'பெண்கள் இயக்கிய தமிழ்த் திரைப்படங்கள்' என்னும் பட்டியல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அதிலிருந்து சில:

- மிஸ் கமலா (1936) – டி. பி. ராஜலட்சுமி
- சண்டிராணி (1953) – பி. பானுமதி
- குழந்தை உள்ளம் (1969) – சாவித்திரி
- மழலைப் பட்டாளம் (1980) – லட்சுமி
- பாட்டுப் பாடவா (1995) – பி. ஆர். விஜயலட்சுமி
- இந்திரா (1995) – சுஹாசினி
- இறுதிச்சுற்று (2016) – சுதா கொங்கரா
- சில்லுக்கருப்பட்டி (2019) – ஹலிதா ஷமீம்

'காளிதாஸ்' படத்தின் நாயகியாக மட்டும் பலரும் நினைவுகூரும் ராஜலட்சுமி, ஐந்தே ஆண்டுகளில் இயக்குநராகவும் ஆனார் என்பதை இப்பட்டியலின் முதல் வரி சொல்கிறது. முதல் நான்கு பெயர்களும் புகழ்பெற்ற நடிகைகளின் பெயர்கள். நடிகையாகப் பெயரும் செல்வாக்கும் பெற்ற பிறகே ஒரு பெண்ணுக்கு இயக்குநர் நாற்காலி எட்டியது என்பதை இவ்வரிசை காட்டுகிறது. அடுத்து வரும் விஜயலட்சுமி ஒளிப்பதிவாளராக இருந்து இயக்கத்துக்கு வந்தவர். சுதா கொங்கரா, ஹலிதா ஷமீம் ஆகியோர் உதவி இயக்குநர்களாகப் பணியாற்றி இயக்குநர் ஆனவர்கள். பெண்கள் இத்துறைக்குள் வந்த வழி எவ்வாறு மாறியது என்பதை எட்டு வரிகளில் அறிந்துகொள்ள முடிகிறது.

சான்றுகளும் அவற்றின் எல்லைகளும்

பட்டியலாளர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சான்றுகள் பின்வருமாறு:

- படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர் அட்டைகள்: பணியாற்றியவர்களை அறிய இவையே முதன்மையான சான்று. எனினும் பெயர் குறிப்பிடப்படாமல் நடித்தவர்களும் பாடியவர்களும் உண்டு.
- தணிக்கைச் சான்றிதழ்: படத்தின் நீளம், மொழி, சான்றளித்த நாள் ஆகியவற்றைத் தரும். டிசம்பரில் சான்று பெற்ற படம் பொங்கலுக்கு வெளியாகலாம் என்பதால், சான்றிதழ் ஆண்டும் வெளியீட்டு ஆண்டும் வேறுபடக்கூடும்.
- நாளிதழ் விளம்பரம்: வெளியீட்டு நாளையும் திரையரங்குகளையும் அறிய உதவும். 'விரைவில் வருகிறது' என்ற விளம்பரம் மட்டும் வந்து, வெளிவராமலே நின்ற படங்கள் உண்டு.
- பாட்டுப்புத்தகம்: படம் முழுமை பெறுமுன்பே அச்சாகக்கூடியது. அதிலுள்ள பாடல் படத்தில் நீக்கப்பட்டிருக்கலாம்.
- விருதுக் குறிப்பு: விருது ஆண்டை வெளியீட்டு ஆண்டாகக் கொள்ளக்கூடாது. மேலே கண்ட 'ஹவுஸ்புல்' 1998ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றது. திரைக்கு வந்தது 1999இல். ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' 1964ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்றது. அது 1965ஆம் ஆண்டுப் படமாகக் குறிக்கப்படுகிறது.

சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய பாட்டுப்புத்தகங்களையும் இதழ்களையும் பாதுகாத்து வருகிறது.

பொதுவாக நேரும் பிழைகள்

ஒரே பெயர் கொண்ட படங்களைக் குழப்பிக்கொள்வது முதற்பிழையாகும். 'உத்தமபுத்திரன்' (1940, 1958, 2010), 'ஆயிரத்தில் ஒருவன்' (1965, 2010), 'பில்லா' (1980, 2007), 'விக்ரம்' (1986, 2022) என ஆண்டைச் சேர்த்தே எழுத வேண்டும். முதலிரண்டு 'உத்தமபுத்திரன்' படங்களில் முறையே பி. யு. சின்னப்பாவும் சிவாஜி கணேசனும் இரட்டை வேடம் ஏற்றனர் என்பதால், ஆண்டில்லாத குறிப்பு மேலும் குழப்பம் தரும்.

கலைஞர்களின் பெயரிலும் கவனம் தேவை. டி. ஆர். மகாலிங்கம், டி. ஆர். ராமச்சந்திரன் போன்ற பெயர்களில் தலைப்பெழுத்தை மட்டும் கொண்டு ஆளை அடையாளம் காண முடியாது. படப்பெயரை அடைமொழியாகக் கொண்ட சௌகார் ஜானகி, வெண்ணிற ஆடை மூர்த்தி, நிழல்கள் ரவி முதலியோரை அடைமொழியோடு குறிப்பதே தெளிவு தரும்.

இருமொழிப் படங்களையும் மொழிமாற்றப் படங்களையும் வேறுபடுத்த வேண்டும். 'மாயாபஜார்' (1957) தமிழிலும் தெலுங்கிலும் தனித்தனியே படமாக்கப்பட்டது. அபிமன்யுவாகத் தமிழில் ஜெமினி கணேசனும் தெலுங்கில் நாகேஸ்வர ராவும் நடித்தனர். இதனை மொழிமாற்றப் படமாகக் குறித்தால் ஜெமினி கணேசனின் ஒரு படம் கணக்கில் குறைந்துவிடும்.

'முதல்' என்ற சொல் மிகுந்த எச்சரிக்கையோடு கையாளப்பட வேண்டியதாகும். 'முதல் வண்ணப்படம்' என்பதைவிட 'முழுவதும் வண்ணத்தில் வெளிவந்த முதல் தமிழ்ப்படம் அலிபாபாவும் 40 திருடர்களும் (1956)' என்பது துல்லியமானது. 'நாடோடி மன்னன்' (1958) போலப் பகுதி மட்டும் வண்ணத்தில் அமைந்த படங்களும் உண்டு என்பதே காரணம்.

தொகுப்போர் பின்பற்றத்தக்கவை

பட்டியலின் தலைப்புக்குக் கீழே வரையறையை ஓரிரு வரிகளில் எழுதிவிடுவது, ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டும் இயக்குநர் பெயரும் தருவது, ஐயமுள்ள படங்களை நீக்கிவிடாமல் 'ஐயத்துக்குரியவை' எனத் தனியே வைப்பது, பார்த்து உறுதிசெய்தவற்றையும் பிறர் சொல்லக் கேட்டவற்றையும் பிரித்துக் காட்டுவது ஆகியவை நல்ல நடைமுறைகளாகும். பிறர் பட்டியலைப் பார்த்து எழுதப்படும் பட்டியலில் முதல் பட்டியலின் பிழையும் உடன் வந்துவிடும். பத்து இடங்களில் ஒரே செய்தி காணப்பட்டாலும், அது ஒரே மூலத்திலிருந்து எடுக்கப்பட்டதாயின் ஒரு சான்றாகவே கொள்ளத்தக்கது.

மூத்த ரசிகர்களின் நினைவும் ஒரு மூலமாகும். எந்த ஊரில், எந்தத் திரையரங்கில், எந்தப் பண்டிகைக்குப் படம் பார்த்தார்கள் என்பது போன்ற செய்திகள் வெளியீட்டு நாளைத் தேட வழிகாட்டும். வீட்டுப் பரணில் கிடக்கும் பாட்டுப்புத்தகம், பழைய இதழ், திரையரங்கத் துண்டறிக்கை ஆகியவற்றைப் பழைய தாள் கடைக்குப் போடுவதற்கு முன்பு, முதல் பக்கத்தையும் நடிகர் பட்டியலையுமாவது படமெடுத்து வைப்பது பயன் தரும். படச்சுருள் அழிந்த ஒரு படத்துக்கு அந்த ஒரு தாளே கடைசிச் சான்றாக இருக்கக்கூடும்.